12 நம்பர் போல்ட் என்று கேட்டால் கடைக்காரர் எதைத் தருவார்? ஆம்னி ஆல்டர்னேட்டர் போல்ட், ஸ்பேனர் அளவு, மரை அளவு

தண்டையார்பேட்டை_ஆம்னி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மளிகைக் கடைக்குத் தங்கசாலைப் பக்கமிருந்து சரக்கு எடுத்து வருவதற்காக 2008-ஆம் ஆண்டு மாடல் மாருதி ஆம்னி ஒன்றை வைத்திருக்கிறோம். காலையில் வண்டியை எடுக்கும்போது பெல்ட் கிறீச்சிட்டதால், முன் இருக்கையைத் தூக்கிவிட்டு ஆல்டர்னேட்டரை (பெல்ட்டால் சுழன்று மின்சாரம் தரும் கருவியை) சற்று இழுத்து நானே பெல்ட்டை இறுக்கிவிடலாம் என்று முயன்றேன். வீட்டில் இருந்தது இருமுனை ஸ்பேனர், ஒரு பக்கம் 12, மறுபக்கம் 13. வெளிச்சம் குறைவாக இருந்ததால் 13-ஐ மாட்டியிருக்கிறேன். ஸ்பேனர் நன்றாகப் பிடித்தது போலத்தான் தோன்றியது. அழுத்தியதும் போல்ட்டின் தலை மழுங்கிவிட்டது. கடைசியில் கிரிப் பிளேயரால் கவ்வித்தான் அதைக் கழற்ற முடிந்தது.

உண்மையான குழப்பம் அதன் பிறகே தொடங்கியது. அருகிலிருந்த கடையில் "12 நம்பர் போல்ட்" என்று கேட்டேன். விரல் பருமனுக்கு ஒரு போல்ட்டைத் தந்தார்கள். அது துளைக்குள் நுழையவே இல்லை. இன்னொரு கடையில் பழைய போல்ட்டின் தண்டைக் காட்டினேன். அவர் டப்பாவில் துழாவி அதே பருமனில் ஒன்றை எடுத்துத் தந்தார். கையால் திருகியபோது இரண்டரைச் சுற்று உள்ளே போய் இறுகிவிட்டது. ஸ்பேனர் போட்டுத் தள்ளலாமா என்று எண்ணி, பிறகு பயந்து நிறுத்திவிட்டேன். அதே பருமன், அதே நீளம் இருந்தும் ஏன் போகவில்லை? எந்த அளவைச் சொல்லி வாங்க வேண்டும்? இந்த வேலைக்கு எந்தக் கருவிகளை வைத்துக்கொள்ள வேண்டும்? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

காசிமேடு_கேரேஜ் எழுதியது:

தம்பி, ஸ்பேனர் போட்டுத் தள்ளாமல் நிறுத்தினீர்களே, அதுவே பெரிய காரியம். ஆல்டர்னேட்டரின் காது, அதாவது போல்ட் ஏறும் நீட்டுப்பகுதி, அலுமினியம். எஃகு போல்ட்டைத் தவறான மரையில் (திருகு வரிகளில்) தள்ளினால் அலுமினியத்தின் மரை சீவிக்கொண்டு வந்துவிடும். பிறகு துளையைப் பெரிதாக்கிப் புதிய மரைக்கான கம்பிச் சுருளைச் செருக வேண்டியிருக்கும்.

முதலில் 13-ஆம் நம்பர் ஏன் பிடித்தது போலத் தோன்றியது என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் எல்லோரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஸ்பேனரில் எழுதியிருக்கும் எண், அறுகோணத் தலையின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே உள்ள அகலம். பக்கத்துக்குப் பக்கம் 12 மி.மீ. இருக்கும் தலை, முனைக்கு முனை ஏறக்குறைய 13.9 மி.மீ. இருக்கும். ஆகவே 14-ஆம் நம்பரை மாட்டினால் அது வழுக்கிச் சுற்றிவிடும், தவறு உடனே தெரிந்துவிடும். 13-ஆம் நம்பரோ சற்றுத் திரும்பி முனைகளில் மட்டும் இடித்து நிற்கும். கைக்குப் பிடிப்பது போல இருக்கும். ஆனால் முழு விசையும் இரண்டு முனைகளின் மேல் விழுந்து அவற்றைத் தேய்த்துவிடும். மாட்டியதும் ஸ்பேனரை மெல்ல முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அந்த நம்பர் சரியில்லை என்று வைத்துக்கொண்டு அடுத்த சிறிய நம்பரை மாட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. மாருதி, டொயோட்டா, ஹோண்டா போன்ற ஜப்பானிய வழி வண்டிகளில் 8 மி.மீ. தண்டுள்ள போல்ட்டுக்குப் பெரும்பாலும் 12 மி.மீ. தலைதான் இருக்கும். கடைகளில் பொதுவாகக் கிடைக்கும் 8 மி.மீ. போல்ட்டுக்கு 13 மி.மீ. தலை. அதேபோல 10 மி.மீ. தண்டுக்கு ஜப்பானிய வழியில் 14, பழைய ஜெர்மன் அளவில் 17, இப்போதைய பன்னாட்டு அளவில் 16. மரை ஒன்றாக இருந்தால் 13 தலை உள்ள எம்8 (8 மி.மீ. தண்டு) போல்ட்டும் உங்கள் வண்டியில் சரியாகவே உட்காரும், ஸ்பேனர்தான் மாறும். எனவே உங்களுக்குப் போகாமல் போனதற்குத் தலை காரணம் இல்லை, மரைதான் காரணம்.

எண்ணூர்_ஓய்வூதியர் எழுதியது:

எண்ணூரில் லாரித் தொழிற்சாலை ஒன்றில் பொருத்துநராக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். "12 நம்பர் போல்ட்" என்று கேட்டதற்கு 12 மி.மீ. தண்டுள்ள போல்ட்டைக் கொடுத்த கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போல்ட்டை அதன் தண்டின் பருமனால் அழைப்பதுதான் முறை, அவர் முறைப்படியே கொடுத்திருக்கிறார். ஸ்பேனரின் எண்ணால் போல்ட்டை அழைப்பது பட்டறைப் பழக்கம். அதற்கு நம் வடசென்னையில் ஒரு பழைய வேரும் உண்டு என்பது என் அனுபவத்தில் தோன்றிய கருத்து.

எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் பிறகு லேலண்டுடன் சேர்ந்தது. 1955-இல் என்ஃபீல்டு புல்லட் மதராசில் தயாராகத் தொடங்கியது, திருவொற்றியூரில் அதன் தொழிற்சாலை வளர்ந்தது. இரண்டும் இங்கிலாந்திலிருந்து வந்த வடிவமைப்புகள். அந்தத் தலைமுறைப் பணியாளர்கள் கையில் வைத்திருந்தவை விட்வொர்த் ஸ்பேனர்கள். விட்வொர்த் ஸ்பேனரில் கால் இஞ்ச் என்று பொறித்திருந்தால், அதன் வாய் கால் இஞ்ச் அகலம் என்று பொருள் அல்ல. கால் இஞ்ச் தண்டுள்ள போல்ட்டுக்கு உரியது என்று பொருள். வாயின் அகலம் 0.525 இஞ்ச், அதாவது 13.3 மி.மீ. அதற்கு 13-ஆம் நம்பர் நுழையாது, 14-ஆம் நம்பர் ஆடும். ஆகவே அந்தக் காலத்தில் ஸ்பேனரின் எண்ணும் போல்ட்டின் எண்ணும் ஒன்றாகவே இருந்தன. ஸ்பேனரைச் சொன்னால் போல்ட் கிடைத்தது. மெட்ரிக் ஸ்பேனர் வந்தபோது எண்ணின் பொருள் மாறியது, பேச்சு மாறவில்லை.

மரை விஷயத்திலும் இதே கதைதான். ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த மரையின் கோணம் 55 பாகை. இன்றைய மெட்ரிக் மரைக்கும், பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய மூன்று நாடுகளும் 1948-இல் ஒப்புக்கொண்ட யூனிஃபைடு இஞ்ச் மரைக்கும் 60 பாகை. பழைய அம்பாசடரின் என்ஜின் மாரிஸ் வழியில் வந்ததால் அதில் இஞ்ச் அளவு போல்ட்டுகளே மிகுதி. நம் பகுதிப் பழைய கடைகளின் டப்பாக்களில் இந்த மூன்று வகையும் இன்னும் கலந்து கிடக்கின்றன. உங்களுக்குக் கிடைத்தது 5/16 இஞ்ச் போல்ட்டாக இருக்கும் என்று சந்தேகிக்கிறேன். 5/16 இஞ்ச் என்பது 7.94 மி.மீ.; 8 மி.மீ.க்கு மிக அருகில் இருப்பதால் கண்ணால் பிரித்தறிய முடியாது.

ராயபுரம்_நட்போல்ட் எழுதியது:

ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அப்பாவின் நட்டு, போல்ட் கடையை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது ஸ்பேனர் நம்பரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். நான் பழைய போல்ட்டைக் கொண்டுவரச் சொல்வேன். அது உடைந்து உள்ளேயே போயிருந்தால் பக்கத்தில் உள்ள அதே மாதிரிப் போல்ட் ஒன்றைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்வேன்.

அண்ணா, கடையில் நீங்கள் சொல்ல வேண்டியது இப்படி: "எம்8, பிட்ச் 1.25, நீளம் 25, கிரேடு 8.8." எம்8 என்பது தண்டின் வெளிப் பருமன் 8 மி.மீ. என்பதைக் குறிக்கும். பிட்ச் என்பது ஒரு மரை முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள இடைவெளி. நீளத்தைத் தலைக்கு அடியிலிருந்து நுனி வரை அளக்க வேண்டும். தலையையும் சேர்த்து அளந்துகொண்டு வந்து பலர் தேவைக்கு மேல் நீளமான போல்ட்டோடு வீட்டுக்குப் போகிறார்கள். (25 என்று உதாரணத்துக்குச் சொன்னேன், உங்களுடையதை அளந்துகொள்ளுங்கள்.)

பிட்சைப் பார்க்கத் தனிக் கேஜ் இருக்கிறது. இல்லாவிட்டாலும் பள்ளிக்கூட ஸ்கேல் போதும். மரையின் மேல் ஸ்கேலை வைத்து 20 மி.மீ. நீளத்துக்குள் எத்தனை மரை வருகிறது என்று எண்ணுங்கள். எம்8-இல் வழக்கமான 1.25 பிட்ச் என்றால் 16 வரும். 5/16 இஞ்சில் பெரிய மரை, அதாவது இஞ்சுக்கு 18 மரை உள்ளது என்றால் 14-ஐ ஒட்டி வரும். நுண்மரை, இஞ்சுக்கு 24 உள்ளது என்றால் ஏறக்குறைய 19 வரும். இன்னும் எளிய வழி, பழைய போல்ட்டையும் புதிய போல்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மரைகளை ஒன்றோடொன்று கோத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரே மரையாக இருந்தால் இடையே வெளிச்சம் தெரியாது.

கிரேடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். தலையில் 8.8 என்று பொறித்திருக்கும். முதல் எண்ணை 100-ஆல் பெருக்கினால் இழுவலிமை 800 மெகாபாஸ்கல். இரண்டாவது எண், அதில் 80 விழுக்காட்டில் போல்ட் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பதைச் சொல்கிறது. 10.9 இருந்த இடத்தில் 8.8 போடக் கூடாது. பொறிப்பே இல்லாத போல்ட்டை நம்பர் பிளேட்டுக்குப் போடலாம். பிரேக், ஸ்டீயரிங், சக்கரம், என்ஜின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

தண்டையார்பேட்டை_ஆம்னி எழுதியது:

எண்ணிப் பார்த்தேன். பழைய போல்ட்டில் 20 மி.மீ.க்குள் 16 மரைகள். கடையில் வாங்கியதில் 14. இரண்டையும் கோத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது முதல் இரண்டு மரைகள் பொருந்தின, அதன் பிறகு படிப்படியாக விலகின. இரண்டரைச் சுற்றில் ஏன் நின்றது என்பது இப்போது கண்ணுக்கே தெரிகிறது. ஐயாவின் ஊகம் சரி.

பெரம்பூர்_பயணி எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், ஆனால் இதே வகைச் சந்தேகம்தான். பழைய ஸ்விஃப்டை விற்றுவிட்டு ஹூண்டாய் ஐ20 வாங்கினேன். ஸ்விஃப்டுக்கு வைத்திருந்த உபரிச் சக்கர நட்டுகள் நான்கு வீட்டில் இருக்கின்றன. இரண்டு வண்டியிலும் ஸ்டட் (சக்கர நட்டு ஏறும் தண்டு) 12 மி.மீ. பருமன் என்கிறார்கள். பயன்படுத்தலாமா?

காசிமேடு_கேரேஜ் எழுதியது:

வேண்டவே வேண்டாம். ஸ்விஃப்டின் ஸ்டட் எம்12, பிட்ச் 1.25. ஹூண்டாயில் எம்12, பிட்ச் 1.5. பருமன் ஒன்றே, மரை வேறு. ஒன்றிரண்டு சுற்று கையால் போகும். பிறகு வீல் ஸ்பேனரை மாட்டிக் காலால் மிதித்தால் நட்டு உள்ளே போய்விடும், அதுதான் ஆபத்து. மரை இரண்டும் நசுங்கி, இறுகியது போன்ற உணர்வைத் தரும். சக்கரத்தைப் பிடித்திருக்கும் விசை மட்டும் இருக்காது. தலையின் அளவும் வேறு: ஸ்விஃப்டில் 19, ஹூண்டாயில் 21. வண்டியோடு வந்த வீல் ஸ்பேனர் எது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சக்கர நட்டு எதுவாக இருந்தாலும் முதலில் முழுவதும் கையாலேயே திருக வேண்டும், பிறகுதான் ஸ்பேனர். இறுக்கும்போது ஒன்றுக்கு எதிரே இருப்பதாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஸ்டட்டில் எண்ணெய் தடவும் பழக்கமும் வேண்டாம். உராய்வு குறைந்துவிடுவதால் அதே டார்க்கில் (திருப்பு விசையில்) ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும்.

எர்ணாவூர்_ஷாஜகான் எழுதியது:

ஐயா, அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு கடலுக்கு அருகில் இருப்பதால் வண்டியின் அடிப்பகுதிப் போல்ட்டுகள் அனைத்தும் துருப்பிடித்துப் போகின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் வண்டி முழங்கால் தண்ணீரில் இரண்டு நாள் நின்ற பிறகு நிலைமை இன்னும் மோசம். கழற்றும் போல்ட்டுகளுக்கு எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டுவிட்டால் என்ன?

ராயபுரம்_நட்போல்ட் எழுதியது:

தம்பி, எங்கள் கடையில் ஸ்டெயின்லெஸ் போல்ட் நன்றாகவே விற்கிறது, இருந்தாலும் எல்லா இடத்துக்கும் அதைத் தர எனக்கு விருப்பமில்லை. சாதாரணமாகக் கிடைப்பது ஏ2-70. அதன் இழுவலிமை 700 மெகாபாஸ்கல். நிரந்தரமாக நீளத் தொடங்குவது 450-இல். 8.8 போல்ட்டோ 640 வரை தாங்கும். பார்க்கப் பளபளப்பாக இருப்பதால் வலிமையும் கூடுதல் என்று பலர் நினைக்கிறார்கள். நம்பர் பிளேட், மட்கார்டு, பம்பரின் பிளாஸ்டிக் போன்றவற்றுக்குத் தாராளமாகப் போடலாம்.

எண்ணூர்_ஓய்வூதியர் எழுதியது:

ராயபுரம் கடை அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஸ்டெயின்லெஸ் போல்ட்டை அலுமினியத்தில் இறுக்கி, அதன் மேல் உப்புக் காற்றின் ஈரம் படிந்தால், இரு உலோகங்களுக்கும் இடையே மின்கலம் போன்ற வேதிவினை நடக்கும். போல்ட் பளபளப்பாகவே இருக்கும், அதைச் சுற்றியுள்ள அலுமினியம் வெள்ளை மாவாக அரிக்கப்படும். ஸ்டெயின்லெஸ் நட்டும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் ஒன்றோடொன்று உராய்ந்து இறுகும்போது பற்றிக்கொண்டு நின்றுவிடுவதும் உண்டு. பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். நம் கடலோரத்துக்குத் துத்தநாகப் பூச்சுள்ள 8.8 போல்ட்டை வாங்கி, பூச்சு போனால் மாற்றிக்கொண்டே இருப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

துருப்பிடித்ததைக் கழற்றும்போது அவசரப்படாதீர்கள். கம்பித் தூரிகையால் வெளியே தெரியும் மரையைச் சுத்தம் செய்து, ஊடுருவும் எண்ணெயை ஊற்றி ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் தலையின் மேல் சுத்தியலால் நேராக நாலு தட்டு தட்டி, முதலில் மிகச் சிறிதளவு இறுக்கும் பக்கமாக அசைத்து, பிறகு கழற்றும் பக்கமாகத் திருப்புங்கள். அசைந்தவுடன் முழுவதும் கழற்ற முயலாமல், இறுக்கும் பக்கம் கால் சுற்று, கழற்றும் பக்கம் அரைச் சுற்று என்று எண்ணெய் விட்டுவிட்டு வாருங்கள். பெட்ரோல் குழாய்க்குப் பக்கத்தில் நெருப்புக் காட்டவே கூடாது. இந்த வேலைக்கு ஆறு முனையுள்ள சாக்கெட்தான் வேண்டும். பன்னிரண்டு முனையுள்ளது துருவில் தேய்ந்த தலையைப் பிடிக்காது.

தண்டையார்பேட்டை_ஆம்னி எழுதியது:

கருவிகளைப் பற்றிய என் கேள்வி இன்னும் நிற்கிறது. கடையில் 12 ஸ்பேனர்கள் கொண்ட இருமுனைத் தொகுதி ஒன்றைக் காட்டுகிறார்கள். 6-7-இல் தொடங்கி 30-32 வரை போகிறது. அதை வாங்கிவிட்டால் போதுமா? டார்க் ரெஞ்ச் தேவையா?

காசிமேடு_கேரேஜ் எழுதியது:

அந்தத் தொகுதியில் உங்கள் ஆம்னிக்குப் பாதிக்கு மேல் வேலை இருக்காது. அதே பணத்தில் 8, 10, 12, 14, 17, 19 ஆகிய ஆறு நம்பர்களில் நல்ல தரமான ரிங் ஸ்பேனர்களை வாங்குங்கள். தலையைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்தான் கழற்றவும் கடைசியாக இறுக்கவும் உரியது. திறந்த வாய் உள்ளது, தளர்ந்த பிறகு வேகமாகச் சுற்றுவதற்கு. அடுத்து, 3/8 இஞ்ச் டிரைவ் (சாக்கெட் மாட்டும் சதுர முனை) உள்ள ராட்செட்டும் அதே நம்பர்களில் ஆறு முனை சாக்கெட்டுகளும், ஒரு நீட்டிப்புக் கம்பியும். அரை இஞ்ச் டிரைவைச் சக்கரத்துக்கும் சஸ்பென்ஷனுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அதன் நீண்ட கைப்பிடியை எம்6 போல்ட்டில் போட்டால் முறிவது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பிரேக் குழாயின் நட்டுக்குப் பக்கம் வெட்டிய ரிங், அதாவது ஃபிளேர் நட் ஸ்பேனர், இல்லாமல் கை வைக்காதீர்கள். அந்த நட்டு மெல்லியது, சாதாரண ஸ்பேனரில் ஒரே தடவையில் உருண்டுவிடும். ஐரோப்பிய வழி வண்டி வைத்திருப்பவர்களுக்கு 13, 16, 18 நம்பர்களும் நட்சத்திர வடிவ டார்க்ஸ் பிட்டுகளும் கூடுதலாக வேண்டும்.

ஸ்க்ரூ டிரைவரிலும் கவனம் தேவை. ஜப்பானிய வழி வண்டியின் கூட்டல் குறித் திருகாணிகள் பிலிப்ஸ் போலத் தோன்றும், ஆனால் ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தொழில் தரம்) வகை. தலையில் சிறு புள்ளி இருந்தால் அதுதான். பிலிப்ஸ் முனை அதில் ஆழமாக உட்காராமல் எகிறி, பள்ளத்தைக் கெடுத்துவிடும்.

டார்க் ரெஞ்ச் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். வழக்கமான உலர்ந்த எம்8, 8.8 போல்ட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர் அளவு போதும். 12-13 ஸ்பேனரின் நீளம் 17 செ.மீ. இருந்தால், அதன் நுனியில் 15 கிலோ விசை கொடுத்தாலே அந்த 25 வந்துவிடும். அந்த ஸ்பேனரில் ஒரு குழாயைச் செருகி நீளத்தை இரட்டிப்பாக்கி அதே கையை வைத்தால் 50. போல்ட் தாங்காது, தாங்கினாலும் அலுமினியக் காது தாங்காது. எம்6 என்றால் 10 போதும், எம்10-க்கு 50-ஐ ஒட்டி. ஸ்பேனர்களின் நீளம் நம்பருக்கு ஏற்பக் கூடிக்கொண்டே போவது கைக்கு அந்த அளவைத் தானாகக் கொடுப்பதற்காகத்தான்; ஆகவே ஆல்டர்னேட்டர் போல்ட்டுக்கு உங்கள் கையே போதும். சக்கரம், ஸ்பார்க் பிளக், ஆயில் வடிகால் போல்ட், சிலிண்டர் ஹெட் ஆகியவற்றுக்கு டார்க் ரெஞ்ச் வேண்டும், எண்ணைச் சர்வீஸ் கையேட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் ரெஞ்சின் ஸ்பிரிங்கைக் குறைந்தபட்ச எண்ணுக்குத் திருப்பி வைத்துவிடுங்கள்.

வியாசர்பாடி_லேத்து எழுதியது:

தம்பி, புதிய போல்ட்டை மாட்டுவதற்கு முன் அந்தத் துளைக்குள் எம்8, 1.25 டேப்பை (மரை வெட்டும் கருவியை) ஒருமுறை கையாலேயே விட்டு எடுங்கள். 5/16 போல்ட் இரண்டரைச் சுற்று போயிருப்பதால் முதல் மரைகளில் விளிம்பு மடிந்திருக்கும். சிறிது எண்ணெய் விட்டு, டேப் தானாக வழி பிடிக்கும் வரை அழுத்தாமல் சுற்றுங்கள். டேப் இல்லாவிட்டால் நல்ல 8.8 போல்ட் ஒன்றின் மரையில் நீளவாக்கில் ஹாக்சா பிளேடால் ஒரு வெட்டு வெட்டி, அரத்தால் பிசிர் நீக்கிவிட்டு, அதையே டேப் போலப் பயன்படுத்தலாம். அலுமினியத்துக்கு அது போதும்.

தண்டையார்பேட்டை_ஆம்னி எழுதியது:

இன்று காலை வேலையை முடித்தேன். பழைய போல்ட்டின் தலைக்கு அடியிலிருந்து அளந்தபோது 30 மி.மீ. இருந்தது. கடையில் "எம்8, 1.25, 30 நீளம், 8.8" என்று சொன்னவுடன் கேள்வி கேட்காமல் எடுத்துத் தந்தார்கள், தலை 13. துளைக்குள் டேப்பை விட்டபோது முதல் மூன்று சுற்றில் சிறிது வெள்ளித்தூள் வந்தது, பிறகு தடையின்றிப் போனது. புதிய போல்ட் கடைசி வரை விரலாலேயே ஏறியது. பெல்ட்டின் நடுவில் கட்டை விரலால் அழுத்தி இழுவையைப் பார்த்து, இப்போது சரியான பக்கமான 13 ரிங்கால் இறுக்கினேன். கிறீச்சல் இல்லை.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அடுத்த முறை வேறு மெக்கானிக் பார்க்கும்போது, சுற்றிலும் 12 தலைகளாக இருக்கும் இடத்தில் இந்த ஒன்று மட்டும் 13-ஆக இருப்பது அவருக்குத் தெரியாமல், நான் செய்த தவற்றின் மறுபக்கத்தை அவர் செய்துவிட வாய்ப்பு உண்டா?

காசிமேடு_கேரேஜ் எழுதியது:

12-ஆம் நம்பர் 13 தலையில் நுழையவே நுழையாது, ஆகையால் கெடுக்க முடியாது. இருந்தாலும் போல்ட்டின் தலையில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டைப் பிராக்கெட் வரைக்கும் இழுத்துவிடுங்கள். அளவு மாறியிருப்பது பார்ப்பவருக்கும் தெரியும், போல்ட் தளர்ந்தால் கோடு உடைந்திருப்பது உங்களுக்கும் தெரியும்.